சுறாவுக்குக் காவல் யார்?

சுறா!

இந்தப் பெயரைக் கேட்டாலே பலருக்கு நடுக்கம். வரிசை வரிசையான பற்கள், பிளந்த வாய், தண்ணீருக்கு மேலே கத்தி போல் நிற்கும் துடுப்பு. இவைதான் கண் முன்னே வந்து நிற்கும்.

முத்துக்குப் பெயர் போன தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தப் பயம் மிகப் பழையது. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே இங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலியாக முத்து கொடுத்தார்கள்!

இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. மனிதனிடம் இருந்து சுறாவைக் காப்பாற்ற வேண்டிய காலம் வந்திருக்கிறது. அதைச் செய்யத் தவறினால் கடலை நம்பி வாழும் குடும்பங்களும் நஷ்டப்படும்.

முத்துக் கரை

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது சாகுபுரம். ரசாயனத் தொழிற்சாலையோடு சேர்ந்து வளர்ந்த ஊர். சுற்றிலும் வெள்ளை வெளேர் என்று உப்பளங்கள். கிழக்கே சில மைல் போனால் கடல்.

அந்தக் கடலோரம் பழம் பெருமை உடையது. தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல் அங்கேதான் இருக்கிறது. தூர தேசத்துக் கப்பல்கள் வந்து நின்ற காயல் துறைமுகமும் அங்கேதான் இருந்தது. பாண்டிய மன்னர்களின் முத்துத் துறையான கொற்கையும் அதே வட்டாரம்தான். ஆற்று மண் சேர்ந்து சேர்ந்து கடல் விலகிப் போனதால், கொற்கை இன்று கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது.

இந்தக் கரைக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள கடல்தான் மன்னார் வளைகுடா. அதன் அடியில் பாறை மேடுகள் உண்டு. அவற்றைப் 'பார்' என்று மீனவர்கள் சொல்வார்கள். அந்தப் பார்களில்தான் முத்துச் சிப்பி வளர்ந்தது.

முத்துக் குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் காலை வைத்துக்கொண்டு கடலில் இறங்குவார். கல் அவரை விறுவிறு என்று அடியில் கொண்டு சேர்க்கும். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளை வாரிக் கூடையில் போடுவார். ஒரு நிமிஷம். மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். பிறகு கயிற்றை அசைப்பார். மேலே தோணியில் இருப்பவர் இழுத்துத் தூக்கிவிடுவார்.

காற்றுக் குழாய் கிடையாது. கையில் ஆயுதம் கிடையாது. முப்பது முதல் அறுபது அடி ஆழம். மங்கலான வெளிச்சம். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு கரிய நிழல் அசைந்தால் எப்படி இருக்கும்? பயப்படாமல் இருக்க முடியுமா?

கடல் கட்டி

இந்தப் பயத்தைப் போக்குவதற்கு வந்தவர்தான் 'கடல் கட்டி'.

பாம்பைக் கட்டுவது போல, பேயைக் கட்டுவது போல, மந்திரத்தால் கடலைக் கட்டுகிறவர் என்று இதற்குப் பொருள். அவர் மந்திரம் சொன்னால் சுறாவின் வாய் திறக்காது என்று குளிக்கிறவர்கள் நம்பினார்கள். அவர் வராத நாளில் கடலில் இறங்கவே மறுத்தார்கள்.

இத்தாலி நாட்டு யாத்திரிகர் மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைப் பக்கம் வந்தார். முத்துக் குளிப்பைப் பற்றி விவரமாக எழுதி வைத்திருக்கிறார். எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு! அரசன் வாங்கிய வரியில் பாதியை மந்திரக்காரர் கூலியாகப் பெற்றார் என்றால், சுறாவின் மேல் எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும்!

மார்க்கோ போலோ சொல்லும் இன்னொரு விஷயம் அதைவிட வேடிக்கையானது.

மந்திரக்காரர் பகலில் மட்டுமே சுறாவைக் கட்டுவாராம். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவாராம். ஏன் தெரியுமா? இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் கடலில் இறங்கி முத்து எடுக்கக் கூடாது என்பதற்காக!

அதாவது, பகலில் சுறா எதிரி. இரவில் அதுவே காவல்காரன். சம்பளம் இல்லாத காவல்காரன்!

இதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். கடலின் செல்வத்தை இரவும் பகலும் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போனால் அது மிஞ்சாது. ஏதாவது ஒரு பயம், ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சுறாவின் மேல் இருந்த பயமே அந்த வேலையைச் செய்தது.

ஒரே ஒரு விபத்து

இந்த மந்திரக்காரர்கள் பல நூற்றாண்டுகள் செல்வாக்கோடு இருந்தார்கள். ஆட்சி மாறியது, மதம் மாறியது, கடல் கட்டி மட்டும் மாறவில்லை. 19-ம் நூற்றாண்டில் இலங்கையில் பெரிய பதவி வகித்த எமர்சன் டென்னன்ட் என்பவர் இதைப் பற்றி எழுதி இருக்கிறார். அவர் காலத்தில் இலங்கை முத்துக் குளிப்பில் கடல் கட்டியாக இருந்தவர் ஒரு கிறிஸ்தவர்.

டென்னன்ட் இன்னொரு தகவலையும் தருகிறார். அதைத்தான் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

1796-ம் ஆண்டு இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. அதுமுதல் அவர் எழுதிய காலம் வரை, முத்துக் குளிப்பின்போது சுறாவால் நேர்ந்ததாக உறுதியாகத் தெரிந்த விபத்து ஒன்றே ஒன்றுதானாம்!

எத்தனை ஆயிரம் பேர் குளித்திருப்பார்கள்! எத்தனை ஆயிரம் தடவை மூழ்கி இருப்பார்கள்! விபத்து ஒன்றே ஒன்று.

மந்திரம் பலித்தது என்று அந்தக் காலத்து ஜனங்கள் நினைத்தார்கள். உண்மை வேறு. நூற்றுக்கணக்கான தோணிகள், ஆட்களின் கூச்சல், ஓயாமல் விழும் கற்கள். இந்த அமளியில் சுறா கிட்டே வராமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம், மனிதன் சுறாவுக்கு இரை அல்ல. அது தேடுவது மீனை, கணவாயை, திருக்கையை.

இன்றைய கணக்கும் இதையே காட்டுகிறது. உலகம் முழுவதும் ஒரு வருஷத்தில் சுறா தானாக வந்து தாக்கி இறப்பவர்கள் சராசரியாகப் பத்துப் பேருக்குள்தான். சாலை விபத்தில் இதைவிட அதிகம் பேர் ஒரே நாளில் தமிழ்நாட்டில் இறக்கிறார்கள். அதற்காக யாரும் பஸ்ஸைக் கண்டு நடுங்குவது இல்லை!

கடலின் வேட்டைக்காரன்

சுறா சாதுவான பிராணி என்று சொல்ல முடியாது. அது வேட்டைக்காரன்தான். அதுவும் தேர்ந்த வேட்டைக்காரன்.

சுறா பூமிக்கு வந்து 40 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. டைனோசர் என்னும் ராட்சதப் பல்லிகள் தோன்றுவதற்கு முன்பே சுறா கடலில் நீந்தியது. அவை அழிந்து போயின. சுறா நிலைத்து நிற்கிறது.

அதன் உடம்பில் எலும்பே இல்லை. காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்புதான் உண்டு. அதனால் உடம்பு கனம் குறைவு. வளைந்து திரும்புவது சுலபம். ஒரு பல் விழுந்தால் பின்னால் இருக்கும் பல் முன்னால் வந்துவிடும். ஆயுள் முழுவதும் ஆயிரக்கணக்கான பற்கள் முளைக்கும். பல் வைத்தியருக்கு வேலையே இல்லை!

இரத்த வாடையைத் தூரத்தில் இருந்தே மோப்பம் பிடிக்கும். தண்ணீரின் சிறு அசைவையும் உடம்பால் உணரும். இன்னும் ஓர் அதிசயம். சுறாவின் மூக்கைச் சுற்றிச் சின்னஞ்சிறு துவாரங்கள் உண்டு. எல்லா உயிர்களின் உடம்பிலும் மிக மெல்லிய மின்சாரம் இருக்கிறது அல்லவா? அதை அந்தத் துவாரங்கள் கண்டுபிடித்துவிடும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீன் கூடத் தப்ப முடியாது.

எல்லாச் சுறாவும் ஒரே மாதிரி அல்ல. 500 தினுசுகளுக்கு மேல் உண்டு. ஒரு சாண் நீளத்தில் சில. நாற்பது அடிக்கு மேல் வளரும் திமிங்கிலச் சுறா ஒன்று. உலகத்திலேயே பெரிய மீன் அதுதான். ஆனால் அது தின்பது என்ன தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும்தான்! வாயைத் திறந்துகொண்டு மெல்ல நீந்தி வடிகட்டிச் சாப்பிடும்.

தூத்துக்குடிக் கரையில் சுத்தியல் போன்ற தலை உடைய கொம்பன் சுறா உண்டு. பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் புட்டு செய்து கொடுக்கும் பால் சுறா உண்டு. சுறாவுக்குப் பங்காளியான திருக்கை உண்டு. வாள் போன்ற மூக்கும் அதன் இரு பக்கமும் பற்களும் கொண்ட வேளா மீனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேளா இன்று மிக அபூர்வமாகிவிட்டது.

பெயர் படுத்தும் பாடு

'சுறா' பழந்தமிழ்ச் சொல். 'சுறவு' என்றும் 'சுறவம்' என்றும் சொல்வது உண்டு. மலையாளத்தில் 'ஸ்ராவு' என்பதும் தெலுங்கில் 'சொர' என்பதும் இதன் உறவுச் சொற்களே.

பழந்தமிழர் சுறாவை வெறுத்ததாகத் தெரியவில்லை. பயந்தார்கள், அதே நேரத்தில் வணங்கினார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாக வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்தக் கொம்பு வேளா மீனின் வாள்மூக்காக இருக்கலாம் என்பார்கள். மன்மதனின் கொடியிலும் சுறவம் உண்டு. வானத்து ராசி ஒன்றுக்கும் சுறவம் என்று பெயர் வைத்தார்கள். கடலில் உயிரைப் பணயம் வைத்தவர்கள், கடலின் பலசாலிக்குக் கொடுத்த மரியாதை அது.

ஆங்கிலத்தில் 'ஷார்க்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்கே நிச்சயம் இல்லை. மத்திய அமெரிக்காவின் மாயா மக்களின் சொல் என்று சிலர் சொல்கிறார்கள். அயோக்கியன் என்ற பொருள் உடைய ஜெர்மன் சொல்லில் இருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எப்படி இருந்தாலும், ஏமாற்றுக்காரனையும் வட்டிக்கு வட்டி வாங்கிக் குடும்பத்தைக் கெடுப்பவனையும் ஆங்கிலத்தில் 'ஷார்க்' என்றுதான் திட்டுகிறார்கள். பாவம், சுறா யாரிடம் வட்டி வாங்கியது?

அதே அமெரிக்கக் கண்டத்தில் இன்னொரு வேட்டை விலங்கின் பெயரைப் பாருங்கள். ஜாகுவார் என்பது அங்கே உள்ள பெரிய பூனை. சிறுத்தை போல் இருக்கும், அதைவிடக் கட்டுமஸ்தானது. உடம்பில் உள்ள கரும் வளையங்களுக்குள்ளே புள்ளிகள் இருக்கும். ஆற்றில் நீந்திப் போய் முதலை இனத்தைக் கூட மண்டையில் கடித்துக் கொன்றுவிடும்!

பிரேசில் நாட்டுப் பழங்குடிகளின் துப்பி மொழியில் 'யாகுவாரா' என்றால் இரை பிடித்துத் தின்னும் விலங்கு. அந்தச் சொல்தான் ஜாகுவார் ஆனது. பின்னால் ஐரோப்பியர் நாயைக் கொண்டு வந்தார்கள். அதுவும் இறைச்சி தின்னும் விலங்கு ஆனதால் நாய்க்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உடனே பழங்குடிகள் ஜாகுவாருக்குப் பெயரை நீட்டினார்கள். 'யாகுவாரெத்தே', அதாவது அசல் விலங்கு என்று சொன்னார்கள். காட்டின் ராஜாவும் வீட்டு நாயும் ஒன்றாகிவிடக் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றி இருக்கிறது!

அந்த ஜாகுவாருக்கும் இன்று கெட்ட காலம். மாட்டுப் பண்ணைக்காகவும் வயலுக்காகவும் காட்டை வெட்டுகிறார்கள். மாட்டைப் பிடித்தால் சுட்டுக் கொல்கிறார்கள். அது முன்பு வாழ்ந்த இடத்தில் ஏறக்குறையப் பாதி பறிபோய்விட்டது. காட்டில் ஜாகுவாருக்கு வந்த கதிதான் கடலில் சுறாவுக்கும் வந்திருக்கிறது.

ஒன்றுக்கு எண்பது லட்சம்!

1975-ம் ஆண்டு 'ஜாஸ்' என்ற அமெரிக்கப் படம் வெளிவந்தது. மனிதரைக் குறி வைத்துக் கொல்லும் சுறாவின் கதை. உலகமே அலறியது. சுறாவைக் கொல்வது வீரம் என்று பலர் கிளம்பினார்கள். அந்தக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் மனம் வருந்தினார். சுறாக்களைக் காப்பாற்றுவதற்காகவே பல வருஷம் பாடுபட்டார். ஆனால் கிளப்பிவிட்ட பயம் கிளப்பியதுதான்.

பயத்தை விடப் பெரிய எதிரி பணம். சீனத்து விருந்துகளில் சுறாத் துடுப்பு சூப் என்பது அந்தஸ்துக்கு அடையாளம். துடுப்புக்கு நல்ல விலை. உடலுக்கு அவ்வளவு விலை இல்லை. அதனால் பல கடல்களில் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு, உயிரோடு துடிக்கும் சுறாவைத் தண்ணீரில் எறிந்தார்கள். துடுப்பு இல்லாத சுறா நீந்த முடியாமல் அடியில் விழுந்து சாகும். இதைவிடக் கொடுமை உண்டா?

2012-ம் ஆண்டில் உலகம் முழுவதும் மீன்பிடிப்பால் இறந்த சுறாக்கள் சுமார் 7 கோடியே 60 லட்சம். 2019-ல் அது சுமார் 8 கோடி ஆயிற்று. வருஷத்துக்குப் பத்து மனிதர் இறப்பதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு மனிதனுக்கு 80 லட்சம் சுறா!

இன்னொரு கணக்கும் உண்டு. பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-ல் 100 இருந்த இடத்தில் 29 ஆகக் குறைந்துவிட்டது என்று 2021-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

மற்ற மீன் குறைந்தால் சீக்கிரம் பெருகிவிடும். மத்தி மீன் ஆயிரம் ஆயிரமாக முட்டையிடும். சுறா அப்படி இல்லை. பல இனங்கள் மனிதரைப் போல வயிற்றில் சுமந்து குட்டி போடும். சின்னப் பால் சுறா கூடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் சுமந்து ஒரு சில குட்டிகளைத்தான் ஈனும். பெரிய சுறாக்கள் பருவம் அடையவே பல வருஷம் ஆகும். பருவம் அடையும் முன்பே பிடித்துவிட்டால் வம்சம் எப்படி விளங்கும்?

சுறா போனால் என்ன?

"சுறா ஒழிந்தால் நல்லதுதானே? நமக்கு மீன் அதிகம் கிடைக்குமே!" என்று சிலர் கேட்கலாம்.

ஊரில் பாம்பை எல்லாம் அடித்தால் எலி பெருகும். எலி பெருகினால் நெல் போகும். குடியானவருக்கு இது தெரியும். கடலிலும் அதே கணக்குதான். சுறா முதலில் பிடிப்பது நோயாளி மீனை, காயம்பட்ட மீனை, ஓட முடியாத மீனை. அதனால் மீன் கூட்டம் நோய் இல்லாமல் இருக்கும். எந்த இனமும் அளவுக்கு மீறிப் பெருகாமல் இருக்கும்.

முத்துச் சிப்பியையே எடுத்துக்கொள்ளலாம். திருக்கைக் கூட்டம் பார்களில் புகுந்து சிப்பிகளை நொறுக்கித் தின்று சூறையாடியதை முத்துக் குளிப்பு அதிகாரிகள் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தார்கள். அந்தத் திருக்கையை விரும்பித் தின்பது யார்? கொம்பன் சுறா! குளிக்கிறவர் யாரைக் கண்டு நடுங்கினாரோ, அதுவே அவர் தேடி வந்த சிப்பியின் எதிரியைத் தின்றது.

இதற்காகச் சுறா குறைந்ததால்தான் முத்து குறைந்தது என்று சொல்லிவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை முத்துக் குளிப்பு நடந்தது. அதோடு நின்றுவிட்டது. முத்துச் சிப்பி பெருகுவதும் அழிவதும் பல காரணங்களைப் பொறுத்தது. அமெரிக்காவில் சுறா குறைந்து, திருக்கை பெருகி, சிப்பித் தொழில் படுத்துவிட்டது என்று 2007-ல் சில விஞ்ஞானிகள் சொன்னார்கள். 2016-ல் வேறு விஞ்ஞானிகள் அதை மறுத்தார்கள். கடலின் கணக்கு அவ்வளவு சுலபம் அல்ல.

ஆனால் கணக்கு முழுவதும் புரியவில்லை என்பதே ஜாக்கிரதையாக இருக்கக் காரணம். கடிகாரத்தில் ஒரு சக்கரம் எதற்கு என்று தெரியாவிட்டால் அதைப் பிடுங்கியா எறிவார்கள்?

மீனவர் வயிறு

சுறாவைக் காப்பாற்று என்று மேடையில் பேசுவது சுலபம். அலையில் போகிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். வீட்டை விட்டு வாரக்கணக்கில் கடலில் கிடந்து தூண்டில் போடுகிறவர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் இருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றது. அப்போது சென்னை மாகாணத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுத்தது, நம் மீனவர் பிடித்த சுறாவின் ஈரல் எண்ணெய்தான். சுறாக் கருவாடும் சுறாப் புட்டும் ஏழை எளியவர் வீட்டுச் சத்துணவு. இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயம் ஆகாது.

மேலும், பெரும்பாலான சுறாக்கள் வேறு மீனுக்கு விரித்த வலையில் தானாக வந்து மாட்டுகின்றன. வலையை அறுத்தால்தான் பெரிய சுறாவை விட முடியும். வலையின் விலை என்ன? அறுத்த வலைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் சட்டம் மட்டும் போட்டுப் பயன் இல்லை.

சட்டங்கள் இருக்கின்றன. 2001-ம் ஆண்டு திமிங்கிலச் சுறாவுக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது. வனவிலங்குச் சட்டத்தில் அப்படி இடம் பிடித்த முதல் மீன் அதுதான். அதே ஆண்டில் வேளா உட்பட இன்னும் சில இனங்கள் சேர்க்கப்பட்டன. கடலில் துடுப்பை அறுத்துவிட்டு உடலை எறிவது 2013-ல் தடை செய்யப்பட்டது. 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2022-ல் திருத்திய சட்டத்தில் பாதுகாப்புப் பட்டியல் இன்னும் நீண்டது.

ஆனால் எந்தச் சுறா பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டியலில் இருப்பவை விஞ்ஞானப் பெயர்கள். வலையில் வருவதோ கொம்பனும் வேளாவும் உழுவையும்! சட்டம் மீனவர் மொழியில் பேசினால்தான் மீனவர் காதில் விழும்.

பெயர் மாறியது, விதி மாறியது!

இது நடக்கக் கூடிய காரியம்தானா? குஜராத்தில் நடந்திருக்கிறது.

அங்கே திமிங்கிலச் சுறாவை எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் நூற்றுக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தார்கள். கொக்கியில் மாட்டிய மீன் ஆழத்துக்குப் போய்விடாதபடி பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிடுவார்கள். அதனால் அந்த மீனுக்கே 'பேரல்' என்று பெயர். பாருங்கள், ஓர் உயிருக்குப் பீப்பாய் என்று பெயர்! பெயரே பீப்பாய் ஆனபிறகு இரக்கம் எங்கிருந்து வரும்?

மைக் பாண்டே என்பவர் அந்தக் கொலைக் காட்சியைப் படம் பிடித்து 2000-ம் ஆண்டில் வெளியிட்டார். நாடு அதிர்ந்தது. சட்டம் வந்தது. ஆனாலும் கரையில் மனம் மாறவில்லை.

2004-ல் வனத்துறையும் வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு பிரசாரம் ஆரம்பித்தன. ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு அதற்குத் துணை வந்தார். இந்த மீன் குட்டி போடுவதற்காக நம் கடலைத் தேடி வருகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரும் மகளைக் கொல்வீர்களா என்று கேட்டார். மீனுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். 'வ்ஹாலி', அதாவது செல்லம்.

கூடவே அறுத்த வலைக்கு நஷ்ட ஈடும் கொடுத்தார்கள். பேச்சோடு பணமும் வந்தது. அன்று கொக்கி எறிந்த அதே கைகள் இன்று வலையை அறுத்து மீனை விடுகின்றன. நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் இப்படி உயிர் பிழைத்திருக்கின்றன.

தாய் வீடு என்றால் தமிழ்நாட்டில் புரியாதவர் உண்டா?

செய்ய வேண்டியது என்ன?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி உள்ள கடல் 1986-ல் தேசியப் பூங்காவாக ஆயிற்று. வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவது இல்லை. நல்ல ஏற்பாடுகள். இவற்றோடு இன்னும் சில காரியங்கள் நடந்தால் போதும்.

முதலாவது, பாதுகாக்கப்பட்ட சுறாக்களின் படத்தை மீனவர் வழங்கும் தமிழ்ப் பெயரோடு ஒவ்வொரு மீன்பிடி துறைமுகத்திலும் ஏலக் கூடத்திலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் புரிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும்.

இரண்டாவது, சினைச் சுறாவையும் பாதுகாக்கப்பட்ட இனங்களையும் விடுவதற்காக வலையை அறுக்கும் மீனவருக்குத் தாமதம் இல்லாமல் நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆபீஸ் படி ஏற வைத்தால் அடுத்த தடவை யாரும் வலையை அறுக்க மாட்டார்கள்.

மூன்றாவது, மீன் வாங்கும் குடும்பப் பெண்கள் கையில் இருக்கிறது. ஒரு முழம் கூட வளராத சுறாக்குட்டியைக் கூறு கட்டி விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். வாங்க ஆள் இல்லாத பொருளைப் பிடிக்கவும் ஆள் இருக்காது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா வேண்டும் என்றால் வளர்ந்ததாகப் பார்த்து வாங்கலாம். பேத்தி பிள்ளை பெறும் காலத்திலும் அந்தச் சுறா சந்தையில் இருக்க வேண்டும் அல்லவா?

நான்காவது, பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. சுறா வந்து பிடித்துக்கொள்ளும் என்று பயம் காட்டுவதை நிறுத்திவிட்டு, அது எப்படி வாழ்கிறது, எத்தனை குட்டி போடுகிறது என்று சொல்லலாம். தெரிந்த பிராணியின் மேல் மனிதனுக்குப் பகை வருவது குறைவு.

கடல் கட்டிகளின் காலம் முடிந்துவிட்டது. மந்திரத்தால் கடலைக் கட்ட முடியாது என்று இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கடலுக்கு ஒரு கட்டு வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு இல்லை. கட்டு போட வேண்டிய இடம்தான் தப்பு. சுறாவின் வாய்க்கு அல்ல, மனிதனின் ஆசைக்குத்தான் கட்டு வேண்டும்.